எந்த ஏர்சாஃப்ட் துப்பாக்கி எனக்குச் சரி? கேள்வி பதில்

ஏர்சாஃப்ட் என்பது சின்ன பிளாஸ்டிக் குண்டுகளை ஒருவர்மேல் ஒருவர் சுட்டு ஆடும் விளையாட்டு. அதற்கு எந்தத் துப்பாக்கி வாங்குவது என்று கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு முறைதான் விரிவாகப் பதில் சொல்வேன். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: துப்பாக்கிக்குப் பணம் ஒதுக்கும் முன் கண் கவசத்துக்கு ஒதுக்குங்கள். குண்டு பட்ட தோல் சிவந்து ஆறிவிடும். கண் ஆறாது.

புதுமுகம்: அண்ணா, இதுவரை விளையாடியதே இல்லை. ஸ்பிரிங், எலெக்ட்ரிக், கேஸ் என்கிறார்கள். எதை வாங்க?

எலெக்ட்ரிக். ஸ்பிரிங் வகையில் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுக்க வேண்டும். குறிபார்த்துப் பழக அது நல்லதுதான். ஆனால் எதிரில் இருப்பவர் எலெக்ட்ரிக் வைத்திருந்தால் நீங்கள் இரண்டாவது தடவை இழுப்பதற்குள் ஆட்டமிழந்திருப்பீர்கள்.

கேஸ் துப்பாக்கி கையில் உதைக்கும், நிஜத் துப்பாக்கி போலவே இயங்கும். எனக்கும் அது ரொம்பப் பிடிக்கும். ஆனால் குளிர்ந்தால் அழுத்தம் குறையும். வெயில் நாளில்கூட வேகமாகத் தொடர்ந்து சுட்டால் குண்டும் வாயுவும் அடைத்த மேகசின் சில்லிட்டு, குண்டின் வேகம் விழுந்துவிடும். மேகசின் கசியும், ரப்பர் வளையங்களுக்கு சிலிக்கோன் எண்ணெய் விட வேண்டும். இதையெல்லாம் ஆசையாகச் செய்பவருக்குத்தான் அது. அழுத்தக் காற்று உருளையோடு வரும் எச்பிஏ வகை இன்னும் நுணுக்கமானது. இப்போதைக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எலெக்ட்ரிக் வகை 1991-ல் ஜப்பானிய நிறுவனமான டோக்கியோ மருயியின் ஃபமாஸ் மாடலோடு வந்தது. அடிப்படை இன்றும் அதேதான்: மோட்டார் பற்சக்கரங்களைச் சுழற்றும், அவை பிஸ்டனைப் பின்னால் இழுக்கும், ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும், அந்தக் காற்றில் குண்டு பறக்கும். எம்4 ராணுவத் துப்பாக்கி வடிவத்தில் எடுத்தால் மேகசினும் உதிரி பாகமும் சுலபமாகக் கிடைக்கும், பழுது பார்க்கத் தெரிந்தவரும் இருப்பார். அழகு பார்த்து அபூர்வ மாடல் வாங்கியவர்கள் ஒரு சின்னப் பாகத்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதைப் பார்க்கிறேன்.

நிழல்: எனக்கு ஸ்னைப்பர் ஆக வேண்டும். முதல் துப்பாக்கியே போல்ட் ஆக்‌ஷன் வாங்கலாமா?

வேண்டாம். அதிலும் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இழுக்க வேண்டும். மலிவான போல்ட் ஆக்‌ஷனும் நல்ல எலெக்ட்ரிக்கும் ஏறத்தாழ ஒரே தூரம்தான் போகும். ஸ்னைப்பருக்கு உண்மையான அனுகூலம் வர வேண்டுமென்றால் உள் பேரல் (குண்டு போகும் குழாய்), குண்டைச் சுழலவைக்கும் ஹாப்-அப் ரப்பர், ட்ரிகர் அமைப்பு என்று மாற்றி, 0.40 கிராமும் அதற்கு மேலும் உள்ள குண்டு போட வேண்டும். அப்போதும் கிடைப்பது கொஞ்சம் கூடுதல் தூரமும் சத்தமின்மையும்தான். பல களங்களில் சக்திவாய்ந்த ஸ்னைப்பர் 30 மீட்டருக்குள் யாரையும் சுடக் கூடாது. கிட்டே வந்தவனுக்காக இடுப்பில் ஒரு பிஸ்டலும் வேண்டும். ஊர்ந்து போவது, மறைந்திருப்பது, பொறுமையாக இருப்பது எல்லாம் எலெக்ட்ரிக்கை செமி ஆட்டோவில் (ட்ரிகரை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு) வைத்தே பழகலாம். அது பழகிய பிறகும் ஆசை இருந்தால் வாங்குங்கள்.

வேகன்: எத்தனை எஃப்பிஎஸ் இருந்தால் அதிக தூரம் போகும்? 400 போதுமா?

எஃப்பிஎஸ்ஸை, அதாவது நொடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தை மட்டும் சொன்னால் அர்த்தமில்லை. எந்த எடைக் குண்டில் என்று சேர்த்துச் சொல்லுங்கள். 0.20 கிராம் குண்டு 328 எஃப்பிஎஸ்ஸில், அதாவது நொடிக்கு 100 மீட்டரில் போனால் அதன் சக்தி 1 ஜூல். அதே குண்டு 400-ல் கிட்டத்தட்ட 1.5 ஜூல். பல களங்களில் அது எல்லையைத் தாண்டிவிடும். ஜப்பானில் சட்ட வரம்பே 1 ஜூலுக்குச் சற்றுக் கீழே.

ராணா: ஒத்துக்கொள்ள மாட்டேன். வேகம் கூடினால் தூரம் கூடத்தானே செய்யும்? பலமான ஸ்பிரிங் போட்டு நானே பார்த்தேன்.

கூடும், ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஒரே 1 ஜூலில் இரண்டு குண்டுகளை எடுத்துக்கொள்வோம். 0.20 கிராம் நொடிக்கு 100 மீட்டரில் கிளம்பும், 0.28 கிராம் சுமார் 84 மீட்டரில். இரண்டும் 6 மில்லிமீட்டர் குண்டுகள், காற்று இரண்டையும் ஒரே மாதிரி எதிர்க்கிறது. ஆனால் லேசான குண்டு அந்த எதிர்ப்பில் சீக்கிரம் சோர்ந்துவிடும். சுமார் 15, 20 மீட்டர் தாண்டும்போது கனமான குண்டுதான் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும், காற்றிலும் குறைவாக விலகும்.

தூரத்தைத் தீர்மானிப்பது ஹாப்-அப். பேரலின் தொடக்கத்தில் உள்ள ரப்பர் குண்டின் மேல்பக்கத்தை உரசிப் பின்னோக்கிச் சுழலவைக்கிறது. அந்தச் சுழற்சி குண்டைத் தூக்கிப் பிடிக்கிறது. மாக்னஸ் விளைவு என்பது இதுதான். ஸ்பிரிங்கை மாற்றும் முன் ரப்பரை மாற்றுங்கள், 0.28 போடுங்கள், ஹாப்-அப்பைத் திருகி குண்டு நேர்கோட்டில் போகும்வரை சரிசெய்யுங்கள்.

ராணா: அப்படியென்றால் ஸ்பிரிங் வீணா?

வீணில்லை, கடைசியில் பார்க்க வேண்டியது. ஸ்பிரிங் பலமானால் பிஸ்டனின் பற்கள் தேயும், வெர்ஷன் 2 என்ற வகை கியர்பாக்ஸ் (பற்சக்கரங்கள் இருக்கும் பெட்டி) என்றால் முன்பக்கம் விரிசல் விடும். 10 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு வலியும் கூடும். அவரும் விளையாட வந்தவர்தானே?

மீனா: நான் ராணா பக்கம். எங்கள் குழுவில் கேஸ் துப்பாக்கிக்காரர் கனமான குண்டு போட்டதும் சக்தி கூடியதே!

நல்ல கவனிப்பு. கேஸிலும் எச்பிஏயிலும் கனமான குண்டு பேரலுக்குள் மெதுவாக நகர்வதால் வாயு அதை அதிக நேரம் தள்ளுகிறது, ஜூல் ஏறுகிறது. அதனால்தான் குரோனோவில் (குண்டின் வேகம் அளக்கும் கருவி) அளக்கும்போது விளையாடப் போகும் குண்டையே போட வேண்டும் என்று விடாமல் சொல்கிறேன். 0.20-ல் அளந்துவிட்டு 0.40-ல் விளையாடுவது ஏமாற்றுதான். ஆனால் இது ராணாவுக்குச் சாதகமான வாதம் இல்லை. இங்கே குண்டு கனமானதால்தான் சக்தி கூடியது.

செழியன்: ஸ்னைப்பர் எது வாங்க?

மேலே நிழலுக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஒரு அப்பா: மகனுக்கு 13 வயது. பவர் கண்ணாடி போட்டிருக்கிறான். அது போதுமா சார்?

போதாது. கண்ணாடி உடைந்தால் அந்தச் சில்லே கண்ணுக்குள் போகும். பவர் கண்ணாடிக்கு மேலேயே போடக்கூடிய, பக்கவாட்டிலும் மூடிய, ஆன்சி இசட்87.1 அல்லது இஎன் 166 தரக்குறி உள்ள கவசம் வாங்குங்கள். பல்லும் முக்கியம், முழு முகக் கவசமாகவே எடுங்கள். கம்பி வலை வேண்டாம், குண்டு உடைந்தால் துகள் உள்ளே வரும். துப்பாக்கி விஷயத்தில் சக்தி குறைந்த எலெக்ட்ரிக் போதும். உங்கள் நாட்டில் வயது வரம்பு என்ன என்பதை முதலில் பார்த்துவிடுங்கள்.

தீபன்: பேட்டரி 7.4-ஆ 11.1-ஆ?

7.4 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி). 11.1-க்கென்று செய்யாத துப்பாக்கியில், மாஸ்ஃபெட் என்ற மின்னணு ஸ்விட்ச் இல்லாமல் அதைப் போட்டால் ட்ரிகர் தொடுமுனைகள் கருகும். ஒரு செல் 3 வோல்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. உப்பிய பேட்டரியைத் திரும்பச் சார்ஜ் செய்யாதீர்கள். சார்ஜ் ஏறும்போது பக்கத்திலேயே இருங்கள்.

காளி: இரும்புக் குண்டு போடலாமா?

கூடாது. 4.5 மில்லிமீட்டர் இரும்புக் குண்டுத் துப்பாக்கி வேறு பொருள். அதை மனிதர் மேல் சுடவே கூடாது.

யாழினி: கட்டடத்துக்குள்தான் விளையாடுகிறோம். மூலை திரும்பும்போது நீளத் துப்பாக்கி இடிக்கிறது.

குட்டையான எலெக்ட்ரிக் எடுங்கள். உள் பேரல் குட்டையானால் குறி கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம். பேரல் சுத்தமாக இருப்பதும் ஹாப்-அப் சரியாக இருப்பதும்தான் முக்கியம். அறைகளுக்குள் பிஸ்டலும் நன்றாக வேலை செய்யும், நீங்கள் கேஸ் வாங்க நல்ல காரணம் இது. செமியில் மட்டும் சுடுங்கள். கவசத்தைக் கழற்றாதீர்கள், ஆட்டம் முடிந்த பிறகும்கூட.

பவித்ரன்: 400 எஃப்பிஎஸ் நல்லதா?

வேகனுக்கும் ராணாவுக்கும் சொல்லியாகிவிட்டது. எடையோடு சேர்த்துக் கேளுங்கள்.

முருகு: பைக்கில் தோளில் மாட்டிக்கொண்டு போகலாமா?

வேண்டவே வேண்டாம். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது நிஜத் துப்பாக்கி. காவலருக்கும் அப்படித்தான் தெரியும். மேகசினைக் கழற்றி, உள்ளே தங்கிய குண்டை பாதுகாப்பான பக்கம் சுட்டு வெளியேற்றி, பேட்டரியை எடுத்துவிட்டு, மூடிய பையில் வையுங்கள்.

ஷாலினி: வாங்கும்முன் கையில் எடுத்து என்ன பார்க்க வேண்டும்?

உங்கள் முகக் கவசத்தைக் கையோடு கொண்டுபோங்கள். அதைப் போட்டுக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்து, குறிமுனை தெரிகிறதா பாருங்கள். பலருக்குத் தெரியாது, கன்னப்பகுதி இடிக்கும். இடித்தால் உயரமான மவுண்டில் ஒரு ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிநோக்கி) பொருத்தச் சொல்லுங்கள். அப்புறம் பத்து நிமிடம் ஏந்தியே நில்லுங்கள். கை நடுங்கினால் அடுத்த லேசான மாடலைக் கேளுங்கள்.