அப்பா விளம்பரம் கொடுத்துவிட்டால் மகனுக்குச் சொத்துரிமை போய்விடுமா?

கேள்வி: கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் வசிக்கும் இந்துக் குடும்பம் எங்களுடையது. அப்பா மார்க்சிஸ்ட் கட்சிக்காரர். பஞ்சாயத்துத் தேர்தலில் நான் எதிரணிக்கு பூத் ஏஜெண்டாக உட்கார்ந்ததால், ‘இவனுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை’ என்று நாளிதழில் விளம்பரம் கொடுத்துவிட்டார். வீடும் அவர் வாங்கிய தென்னந்தோப்பும் இங்கே உள்ளன. தாத்தா வழி நிலம் தமிழ்நாட்டில், ஆனைமலைப் பக்கம். எனக்கு இனி எதுவும் கிடைக்காதா?

பதில்: அந்த விளம்பரத்தால் உங்கள் வாரிசுரிமை போகாது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், சொத்துக்காரரைக் கொலை செய்தவருக்கு உரிமையை மறுக்கிறதே தவிர, வேறு கொடி பிடித்தவருக்கு அல்ல.

வீட்டையும் தோப்பையும் அவரே சம்பாதித்திருப்பதால், அவற்றை யாருக்கு வேண்டுமானாலும் அவர் உயில் எழுதலாம். எழுதாவிட்டால் தாயாருக்கும் உடன்பிறந்தாருக்கும் போலவே உங்களுக்கும் சம பங்கு.

ஆனைமலை நிலத்தில்தான் சிக்கல். தாத்தாவின் சொத்து என்றாலே பேரனுக்குப் பிறப்புரிமை என்று எண்ணிவிடாதீர்கள். தாத்தா தாமே வாங்கி, 1956 சட்டத்துக்குப் பின் உயிலின்றி இறந்து, உங்கள் தந்தைக்கு வந்திருந்தால், அது தந்தையின் தனிச்சொத்தே. தாத்தாவுக்கும் அவருடைய தந்தை வழியாக வந்த கூட்டுக்குடும்பச் சொத்தாக இருந்தால் மட்டுமே உங்களுக்குப் பங்குண்டு. அந்தப் பங்கை உயிலால் பறிக்க இயலாது. அதே நிலம் மாநில எல்லையிலுள்ள கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம், அதாவது கேரளத்தில், இருந்திருந்தால் கதை வேறு. கேரளம் 1975-இல் இயற்றிய சட்டம், 1976 டிசம்பர் 1 முதல் பிறப்பால் வரும் உரிமையையே ஒழித்தது. கூட்டுக்குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பிறப்புரிமை தந்த 2005 மத்தியத் திருத்தத்துக்கு முரணாக அது நிற்காது என்று 2025 ஜூலையில் கேரள உயர் நீதிமன்றம் மகள்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்திருக்கிறது. ஒரே குடும்பத்தின் இரு வயல்களுக்கு இரு நீதி. இதைப் பொறுமையாக விளக்க எந்த அலுவலகத்திலும் ஆளில்லை.

அந்த இடைவெளியில்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். நோட்டரி முத்திரையுடன் ‘உறவு முறிவுப் பத்திரம்’ எழுதித் தருவதாகத் தந்தையிடம் காசு வாங்குவார்கள். அப்படியொன்று சட்டத்தில் கிடையாது. பிறகு உங்களிடம் வந்து, “ஒரு கையெழுத்துப் போடுங்கள், அப்பா தணிந்துவிடுவார், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்” என்பார்கள். அவர்கள் நீட்டுவது பெரும்பாலும் ஒழிமுறி, அதாவது உங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம். பதிவானபின் அதை நீங்கள் ஒருவராக ரத்து செய்ய முடியாது. சிவில் கோர்ட்டுக்கு ஆண்டுக்கணக்கில் நடக்க வேண்டியதுதான். ஆகவே எதிலும் கையெழுத்திடாமல், முதலில் ஆனைமலை நிலத்துக்கு வில்லங்கச் சான்றும் பழைய மூலப்பத்திர நகலும் எடுத்து, ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

அந்த விளம்பரம் உங்கள் கடமையையும் தீர்க்கவில்லை. 2007-ஆம் ஆண்டின் முதியோர் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் உங்கள் தந்தை நாளை தீர்ப்பாயத்தில் மனுக்கொடுத்தால், நாளிதழ் நறுக்கைக் காட்டி நீங்கள் தப்ப முடியாது.