வைட்டமின் ஏ போட்டா குழந்தைக்கு மூளை நல்லா வளருமா?

கேள்வி: ஸ்டெம் செல்லுக்கு (வேற வேற வகை செல்லா மாறக்கூடிய செல்லு) வைட்டமின் ஏ குடுத்தா நரம்பு செல்லா மாறுதுன்னு படிச்சேன். எனக்கு இப்ப ரெண்டாவது மாசம். அந்த மாத்திரை போட்டுக்கிட்டா குழந்தைக்கு மூளை நல்லா வளருமா? (பெயர் வேண்டாம்னு கேட்ட வாசகி)

பதில்: முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன்மா, டாக்டர் எழுதித் தராம வைட்டமின் ஏ மாத்திரைய தொடாதீங்க, ஏற்கனவே போட்டிருந்தா இன்னைக்கே அவங்ககிட்ட சொல்லிடுங்க.

நீங்க படிச்சது பொய் இல்ல. செல்ல டிஷ்ல வளக்குற செல் கல்ச்சர் லேப்ல நானே பண்ணியிருக்கேன். வைட்டமின் ஏ உடம்புக்குள்ள ரெட்டினாயிக் ஆசிடா மாறும், அதுதான் வேலை செய்யுற ஆளு. வெளிச்சம் பட்டா கெட்டுடும்னு சின்ன ட்யூப்ல ஃபாயில் சுத்தி ஃப்ரீஸர்ல வெச்சிருப்போம், அதுல துளியூண்டு எடுத்து டிஷ்ல விட்டுட்டு சில நாள் கழிச்சு மைக்ரோஸ்கோப்புல பாத்தா, உருண்டையா குமிஞ்சு கெடந்த செல்லுல இருந்து மெல்லிசா நூல் நூலா நீண்டு பக்கத்து செல்ல தேடிப் போய்ட்டிருக்கும். எத்தன தடவ பாத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

ஆனா அது செல்லுக்கு சாப்பாடு இல்ல, தகவல். செல்லோட நியூக்ளியஸுக்குள்ள போய் ரிசெப்டர்ல (தகவல வாங்கிக்கிற புரதம்) ஒட்டிக்கிட்டு எந்த ஜீன் ஓடணும் எது நிக்கணும்னு மாத்திவிடும். அதோட "நீ எந்த இடத்து செல்"னும் சொல்லும். அது இல்லாம வளத்தா செல்லு முன்மூளை பக்கம் சாயும், சேத்தா பின்மூளை, தண்டுவடம்னு போகும். அது கூட சோனிக் ஹெட்ஜ்ஹாக்னு ஒரு சிக்னலையும் சேத்து எலி ஸ்டெம் செல்ல தசைய அசைக்கிற மோட்டார் நியூரானாவே மாத்தி 2002ல காட்டினாங்க. கருவுலயும் இதே கணக்குதான், ஒரு பக்கம் என்சைம் அத தயாரிக்கும், வேண்டாத இடத்துல வேற என்சைம் உக்காந்து அழிச்சிட்டே இருக்கும். இதுல வெளியில இருந்து அளவுக்கு மீறி உள்ள வந்தா அந்த கணக்கே குழம்பிடும். ஐசோட்ரெட்டினாயின்னு முகப்பரு மாத்திரை, ரெட்டினாயிக் ஆசிடோட இன்னொரு வடிவம்தான் அது, 1982ல அமெரிக்காவுல வித்தாங்க, கர்ப்பத்துல அத எடுத்தவங்களோட குழந்தைங்க சிலர் மூளை, காது, இதயம்னு குறையோட பிறந்தப்புறம்தான் இது எவ்ளோ பயங்கரம்னு எல்லாருக்கும் உறைச்சுது. காய்கறில இருக்குற பீட்டா கரோட்டினுக்கு பயப்பட வேண்டாம், தேவைக்குத் தக்கனதான் உடம்பு அத வைட்டமின் ஏவா மாத்தும்.

இந்த நேரத்துல நீங்க டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது ஃபோலிக் ஆசிட். மூளையும் தண்டுவடமும் ஆகப்போற நரம்புக்குழாய் கரு உண்டாகி 28 நாளுக்குள்ள மூடிடும், நிறைய பேருக்கு கர்ப்பம்னு தெரியறதுக்குள்ளயே முடிஞ்சுடுது, அதனாலதான் குழந்தைக்கு பிளான் பண்ணும்போதே தினம் 400 மைக்ரோகிராம் ஆரம்பிக்க சொல்றாங்க. முன்னாடி நரம்புக்குழாய் சரியா மூடாத குறையோட குழந்தை உண்டான பெண்களுக்கு தினம் 4 மில்லிகிராம் குடுத்தப்ப மறுபடி வர்றது 72 சதவீதம் குறைஞ்சுதுன்னு 1991ல பிரிட்டிஷ் ஆய்வு ஒண்ணு காட்டுச்சு. வேகமா பிரியுற செல்லுக்கு புது டிஎன்ஏ கட்ட ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட் குடுக்குற வைட்டமின்) வேணும், அது ஒரு காரணமா இருக்கலாம்னு நெனைக்கிறாங்க.

கேள்வி: ஸ்டெம் செல்லு நரம்பு செல்லா மாறுறது, நரம்பு வளர்றது, இதுல வைட்டமின் சி, பி12க்கெல்லாம் பங்கு இருக்கா சார்? (பயாலஜி மாணவர்)

பதில்: இருக்கு தம்பி. டிஎன்ஏ மேல பூட்டு மாதிரி ஒட்டியிருக்குற மெத்தில் குறிய கழட்டுற டெட் (TET) என்சைமுங்களுக்கு வைட்டமின் சி கை குடுக்கும், நடுமூளையோட முன்னோடி செல்லுங்களுக்கு டிஷ்ல சி சேத்தா டோபமின் நியூரான் அதிகமா கிடைக்கும். பி12 அப்படி இல்ல, நரம்பு மேல இருக்குற மையலின் உறை கெடாம இருக்க அது வேணும், குறைஞ்சா கை கால் மரத்துப்போகும். நீங்க லேபுக்கு போனா பி27னு, செல்லு வளர சேக்குற ஒரு சப்ளிமென்ட் பாட்டில பாப்பீங்க, அதுல வைட்டமின் ஏ உள்ளது, இல்லாததுன்னு ரெண்டு வகை. நரம்பு ஸ்டெம் செல்லு பெருகிட்டே இருக்கணும்னா இல்லாதது, நியூரானா முதிரணும்னா உள்ளது. ரெண்டு பாட்டிலும் பாக்க ஒண்ணு போலதான் இருக்கும், ஊத்துறதுக்கு முன்னாடி லேபிள ரெண்டு தடவ படிங்க.