முதலில் சொத்துப் பத்திரம், அப்புறம் ஏரியா

கேள்வி: என் கணவருக்கு துபாயில், தேரா பனியாஸ் ஸ்கொயர் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்காளர் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம் 12,000 திர்ஹம். அவர் ஜனவரியில் போகிறார். நானும் பிள்ளைகளும் (மகளுக்கு 7 வயது, மகனுக்கு 3) பள்ளி தொடங்கும் ஏப்ரலில் போகலாம் என்றிருக்கிறோம். "பக்கத்து எமிரேட்டான ஷார்ஜாவில் ஒரு பெட்ரூம் ஃபிளாட் வருஷத்துக்கு 36,000, துபாய்க்குள்ளேயே குசைஸில் 55,000. பேசாமல் ஷார்ஜாவுக்குப் போங்கள்" என்கிறார் அவருடைய நண்பர். வாட்ஸ்அப்பில் ஒரு ஏஜெண்ட், கராமாவில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட் 42,000-க்கு இருக்கிறது, 3,000 டோக்கன் அனுப்பினால் பிடித்து வைப்பதாகச் சொல்கிறார். பகல் முழுக்க நானும் பிள்ளைகளும் தனியாக இருக்க வேண்டும். எந்த ஏரியா பாதுகாப்பு? (ஒரு வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: அந்த 3,000 திர்ஹத்தை அனுப்பிவிட்டீர்களா? இல்லையென்றால் அனுப்பாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

எந்த ஏரியா பாதுகாப்பு என்று கேட்கும்போது உங்கள் மனதில் இருப்பது திருட்டும் சங்கிலிப் பறிப்பும். அந்தப் பயம் அங்கே வேண்டாம். தேராவிலும் குசைஸிலும் ஷார்ஜாவிலும் இரவு பதினொன்றுக்குப் பெண்கள் பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு கடைக்குப் போய் வருகிறார்கள். இருபது வருஷத்துக்கு மேலாக வாடகை ஒப்பந்தக் காகிதங்களோடு மாரடிக்கிற எனக்குத் தெரிந்து, நம் குடும்பங்கள் அங்கே பணம் இழந்தது திருடனிடம் அல்ல, சிரித்துப் பேசி சாவியைக் கையில் கொடுத்தவரிடம்.

என் கதையையே சொல்கிறேன். 2006-இல் மனைவியை அழைத்து வருவதற்காக ஒரு ஃபிளாட் பிடித்தேன். ஏஜெண்ட் நம்ம ஊர்க்காரர், "அண்ணே, அண்ணே" என்று உருகுவார். காசோலையைத் தன் பெயரில் எழுதச் சொன்னார், எழுதினேன். குடிபோக வேண்டிய நாளில் பெட்டியோடு போனால், வாசலில் இன்னும் இரண்டு குடும்பங்கள் பெட்டியோடு நிற்கின்றன. மூன்று பேர் கையிலும் அதே கதவின் சாவி. ஆளின் போன் அணைந்துவிட்டது. அப்போது எஜாரி என்கிற ஒப்பந்தப் பதிவு முறை கிடையாது, அது வந்தது 2010-இல். இப்போது அது இருக்கிறது. ஆனாலும் இதே கதையோடு இன்றைக்கும் ஆட்கள் வருகிறார்கள், ஏனென்றால் பணத்தை முதலில் கொடுத்துவிட்டு எஜாரியைப் பிறகு கேட்கிறார்கள்.

ஆகவே, வரிசை இதுதான். துபாயில் வீட்டு விளம்பரம் போட அனுமதி எண் வேண்டும், விளம்பரத்திலேயே கியூஆர் கோடு இருக்கும். அதை ஸ்கேன் செய்தால் அந்த வீட்டின் விவரம் வர வேண்டும். ஏஜெண்டுக்குப் பதிவு எண் உண்டு. நிலத்துறையின் 'துபாய் ரெஸ்ட்' செயலியில் பார்த்துக்கொள்ளலாம். அடுத்து, அந்த ஃபிளாட்டின் சொத்துப் பத்திர நகலைக் கேளுங்கள். நம் ஊரில் பட்டா பார்க்காமல் யாராவது மனை வாங்குவார்களா? அந்த மாதிரிதான் இதுவும். பத்திரத்தில் யார் பெயரோ அவர் பெயரில்தான் காசோலை. ஏஜெண்ட் பெயரில் இல்லை, அவர் மச்சான் பெயரில் இல்லை, ரொக்கம் அறவே இல்லை. ஏஜெண்டுக்குச் சேர வேண்டியது கமிஷன் மட்டும். வழக்கத்தில் அது ஆண்டு வாடகையில் 5 சதவீதம். ரசீதோடு தனியாகக் கொடுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் மோசடிக்காரர்கள் ஒளிந்துகொள்வதும் அதற்குள்ளேதான். துபாயில் ஃபிளாட் வாங்கிப்போட்டவர்களில் பலர் துபாயில் இல்லை. மும்பையிலோ லண்டனிலோ இருப்பார்கள். அவர்களுக்காக வேறொருவர் பவர் வாங்கி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார். இது சட்டப்படி சரிதான். அதற்காக "ஓனர் வெளியூரில் இருக்கிறார், நான்தான் எல்லாம்" என்று வாயால் சொன்னால் போதாது. பவர் பத்திரத்தைப் பாருங்கள். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: கொடுத்தவர் பெயரும் சொத்துப் பத்திரத்துப் பெயரும் ஒன்றாக இருக்கிறதா, வாடகைக்கு விடும் அதிகாரம் எழுதியிருக்கிறதா, வாடகைப் பணத்தை வாங்கும் அதிகாரமும் எழுதியிருக்கிறதா. இந்த மூன்றாவதுதான் முக்கியம். ஒப்பந்தம் போடலாம் என்று இருக்கும், பணம் வாங்கலாம் என்று இருக்காது. அப்படியானால் கையெழுத்து அவர் போடட்டும், காசோலை ஓனர் பெயருக்கே போகட்டும். இந்தியாவில் எழுதிய பவர் என்றால் அங்கே செல்லுபடியாகிற சான்றொப்பங்கள் இருக்கின்றனவா, காலம் முடியவில்லையா என்றும் பார்க்க வேண்டும். அரபியில் இருக்கிறது, எனக்குப் படிக்கத் தெரியாது என்று விட்டுவிடாதீர்கள். ஒரு டைப்பிங் சென்டரில் காட்டினால் ஐந்து நிமிடத்தில் படித்துச் சொல்லிவிடுவார்கள்.

இப்போது உங்கள் கராமா ஃபிளாட். குசைஸிலேயே ஒரு பெட்ரூம் 55,000 என்று உங்கள் கணவரின் நண்பர் சொல்கிறார். நகரின் நடுவில், மெட்ரோ வாசலில், கராமாவில் இரண்டு பெட்ரூமை எந்தப் புண்ணியவான் 42,000-க்குத் தருவார்? அது இல்லாத ஃபிளாட்டாக இருக்கும். இருந்தால் பார்டிஷனாக இருக்கும், அதாவது ஹாலைப் பலகை வைத்துத் தடுத்து நான்கு குடும்பத்துக்கு விடுவது. வீட்டுக்காரர் எழுத்தில் சம்மதிக்காமல் வாடகைக்காரர் உள்வாடகைக்கு விடக்கூடாது என்பது 2007-ஆம் வருஷத்து 26-ஆம் எண் சட்டம். 2025 ஜூனில் ரிக்கா, முரக்கபாத், சத்வா பகுதிகளில் இந்தத் தடுப்புகளைக் குறிவைத்து மாநகராட்சி இறங்கியது. பெட்டியோடு தெருவில் நின்றவர்கள் அங்கே வாடகை கொடுத்துக் குடியிருந்தவர்கள்தான்.

சரி, ஷார்ஜாவுக்கு வருவோம். கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 19,000 மிச்சம், மாதம் 1,583. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் கணவர் தேராவுக்குப் போக வேண்டும். கார் வேண்டும் என்றால் அதற்கு முன் லைசென்ஸ். நம் ஊர் லைசென்ஸை அப்படியே மாற்றித் தர மாட்டார்கள், தேர்வு எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். அதுவரை பஸ், அல்லது கார் லிஃப்ட் என்று யாரோ ஒருவர் காரில் மாதச் சந்தா, அதில் பாதி அனுமதி இல்லாதது. கார் வந்த பிறகு சாலிக் சுங்கம் நெரிசல் நேரத்தில் ஒரு தடவைக்கு 6 திர்ஹம். போக வர 12, மாதம் 22 நாளைக்கு 264. பெட்ரோல், தேராவில் நாள் முழுக்கப் பார்க்கிங், கார் தவணை, இன்சூரன்ஸ் எல்லாம் போக மிச்சத்தை நீங்களே பாருங்கள். காசைக்கூட விடுங்கள். காலையில் இருட்டோடு கிளம்பி, ராத்திரி மகன் தூங்கிய பிறகு வருகிற அப்பாவைத்தான், ஷார்ஜாவையும் துபாயையும் இணைக்கிற, நெரிசலுக்குப் பேர்போன அந்த இத்திஹாத் ரோடு உங்களுக்குத் தரும்.

இன்னொன்றும் யாரும் சொல்ல மாட்டார்கள். 2022-இலிருந்து துபாயில் சனி, ஞாயிறு விடுமுறை, வெள்ளி அரை நாள். ஷார்ஜாவில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள். மகளை ஷார்ஜாவில் சேர்த்தால் வெள்ளிக்கிழமை அவள் வீட்டில், அப்பா ஆபீஸில். ஒரே நாடு, கூப்பிடு தூரம், இரண்டு விதமான வார விடுமுறை! வாடகைப் பதிவும் அப்படித்தான், மின்சார வாரியமும் அப்படித்தான், எல்லையைத் தாண்டினால் எல்லாம் வேறு.

என் பதில் குசைஸ். கணவருக்குப் பச்சை வழி மெட்ரோ. அல் குசைஸ் ஸ்டேஷனில் ஏறினால் எங்கும் மாறாமல் பனியாஸ் ஸ்கொயரில் இறங்கலாம், கார் வேண்டாம். சிபிஎஸ்இ பள்ளிகள் அதே வட்டாரத்தில் இருக்கின்றன. இட்லி மாவு வாங்க நடந்தே போகலாம். விமான நிலையம் பக்கம் என்பதால் தலைக்கு மேல் சத்தம் கேட்கும், ஒரு வாரத்தில் பழகிவிடும். குசைஸ் வாடகை கட்டுப்படியாகாவிட்டால் முஹைஸ்னா பாருங்கள், ஆனால் எண்ணைப் பார்த்துப் போங்கள். முஹைஸ்னா 4 குடும்பங்கள் இருக்கிற இடம், மதீனா மால் அங்கேதான். முஹைஸ்னா 2 என்பது சோனாப்பூர், தொழிலாளர் முகாம்கள். அங்கே இருப்பவர்களும் நம் ஆட்கள்தான், பயப்பட ஒன்றுமில்லை; குடும்பம் நடத்துகிற இடம் அது இல்லை, அவ்வளவுதான். "முஹைஸ்னாவில் மலிவு" என்று ஏஜெண்ட் எண்ணை விழுங்கிவிட்டுச் சொல்வார். குசைஸிலும் 'இண்டஸ்ட்ரியல்' என்று வால் ஒட்டிய பகுதி தனி.

ஏரியா முடிந்தது. உங்கள் மூன்று வயது மகனுக்கு உண்மையான ஆபத்து கட்டடத்துக்குள்தான் இருக்கிறது. ஃபிளாட் பார்க்கப் போகும்போது கணவரை முதலில் ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். எவ்வளவு தூரம் திறக்கிறது? கை நுழையும் அளவோடு நிற்கிறதா, தலையும் தோளும் போகிற மாதிரி அகலத் திறக்கிறதா? அகலத் திறந்தால் பூட்டுப் போட்டுத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். ஜன்னலுக்குக் கீழே கட்டிலோ சோபாவோ போடாதீர்கள். பிள்ளைகள் விழுந்த செய்திகளில் பெரும்பாலும் கீழே ஏறி நிற்க ஏதோ ஒன்று இருந்திருக்கிறது.

அப்புறம் அவசரப் படிக்கட்டு. லிஃப்டில் ஏறிப் போய் ஃபிளாட்டைப் பார்த்துவிட்டு, இறங்கும்போது படிக்கட்டில் இறங்கச் சொல்லுங்கள். பழைய மெத்தை, சைக்கிள், பெயின்ட் டப்பா எல்லாம் அடைத்து வைத்திருந்தால் அந்தக் கட்டடம் வேண்டாம். 2020 மே மாதம் ஷார்ஜா நஹ்தாவில் 48 மாடிக் கட்டடம் ஒன்றில் வெளிச்சுவரில் ஒட்டியிருந்த பலகை வழியாகவே தீ மளமளவென்று ஏறியது. பளபளவென்று இருக்கிறதே என்று பழைய உயர மாடிகளில் மயங்க வேண்டாம். நாலைந்து மாடிக் கட்டடமே உங்களுக்கு நல்லது.

மழையையும் கேளுங்கள். 2024 ஏப்ரல் 16 அன்று பெய்தது 1949-இல் பதிவு தொடங்கியதிலிருந்து அந்த நாடு காணாத மழை. சில தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவில்லை, லிஃப்ட் ஓடவில்லை. இதை ஏஜெண்டிடம் கேட்டால் "இங்கே ஒரு சொட்டு நிற்கவில்லை" என்பார். நாத்தூரிடமும் (வாட்ச்மேனை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) ஏஜெண்ட் பக்கத்தில் இருக்கும்போது கேட்டுப் பயனில்லை. கீழே பக்காலா இருக்கும், சின்ன மளிகைக் கடை. பெரும்பாலும் மலையாளிச் சேட்டன்தான் இருப்பார். ஒரு மோர்ப் பாக்கெட் வாங்கிக்கொண்டு கேட்டால், தண்ணீர் எந்தப் படி வரை வந்தது என்று காலைத் தூக்கிக் காட்டியே சொல்லிவிடுவார். மூன்றாம் மாடியில் பேச்சிலர்கள் எத்தனை பேர், எந்த ஃபிளாட்டில் கரப்பான் என்பது வரை அவருக்குத் தெரியும்.

பணக் கணக்கு. 55,000 வாடகையை நாலு காசோலையாகக் கொடுத்தால் முதல் காசோலை 13,750. முன்பணம் 5 சதவீதம் 2,750. ஏஜெண்ட் கமிஷன் 2,750. தீவா, அதாவது மின்சாரம் தண்ணீர் இணைப்புக்கு டெபாசிட் 2,000. ஆக 21,250, எஜாரி, இணைப்புக் கட்டணம் என்று இன்னும் சில நூறு. 22,000 திர்ஹம் கையில் இல்லாமல் டிக்கெட் போடாதீர்கள். மாதாமாதம் தீவா பில்லில் வீட்டுக் கட்டணம் என்று ஆண்டு வாடகையில் 5 சதவீதத்தைப் பிரித்துச் சேர்ப்பார்கள், உங்களுக்கு 229 திர்ஹம் வரும். இதை ஏஜெண்ட் சொல்ல மாட்டார். 'சில்லர் ஃப்ரீ' என்பதை மட்டும் மூன்று முறை சொல்வார். ஏசி குளிருக்குத் தனி பில் கிடையாது என்று அர்த்தம். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் நம்புங்கள்.

காசோலை என்றதும் ஒரு தலைவலி. விசா வேலை முடிந்தால்தான் எமிரேட்ஸ் ஐடி, அதாவது அந்த நாட்டு அடையாள அட்டை. அது வந்தால்தான் வங்கிக் கணக்கு, அப்புறம் செக் புக். செக் புக் இருந்தால்தான் வீட்டுக்காரர் பேசுவார். வீடு எஜாரி ஆனால்தான் உங்கள் விசாவுக்கு விண்ணப்பம். இந்த ராட்டினத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அவர்கள் ஒருநாளும் வாடகைக்கு வீடு தேடியதில்லை. ஜனவரியில் போகிறவருக்கு பிப்ரவரி கடைசியில் செக் புக் வந்தால் அதிர்ஷ்டம். அதனால் இங்கிருந்தே வீடு பிடிக்க முயல வேண்டாம். முதல் இரண்டு மாதம் கம்பெனி தங்க இடம் தருமா என்று வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்கச் சொல்லுங்கள். மகளின் பள்ளி இடத்துக்கு மட்டும் இப்போதே விண்ணப்பியுங்கள், அது காத்திருக்காது.

எழுதிக் கொடுத்த காசோலைக்கு வங்கிக் கணக்கில் பணம் வைத்திருங்கள். காசோலை திரும்பினால் முன்போல உடனே போலீஸ் இல்லை, 2022-இல் அந்தச் சட்டம் மாறிவிட்டது. ஆனால் வீட்டுக்காரர் நேரே அமலாக்க நீதிமன்றத்துக்குப் போகலாம், ஊருக்கு விமானம் ஏறப் போகும்போது பயணத் தடை என்பார்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று. அந்தக் கராமா ஏஜெண்டுக்கு ஒரு வரி அனுப்புங்கள்: "சொத்துப் பத்திர நகலும், கியூஆர் கோடு உள்ள விளம்பரமும், உங்கள் பதிவு எண்ணும் அனுப்புங்கள். பார்த்துவிட்டுப் பேசலாம்." இரண்டு நீல டிக் விழுந்து பதில் வராமல் போனால் எண்ணை பிளாக் செய்துவிடுங்கள். மூன்றும் வந்துவிட்டால், பணம் அனுப்பும் முன் எனக்கு எழுதுங்கள், நானும் ஒருமுறை பார்க்கிறேன்.