ஹோட்டல் மேனேஜ்மென்ட் பட்டம்: அதிகக் கட்டணம் கட்டினால் நல்ல வேலை கிடைக்குமா?

கேள்வி: என் மகளுக்கு ஹோட்டல் மேனேஜ்மென்ட் பட்டப்படிப்புக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று மூன்று வருடப் படிப்பு, கட்டணமும் குறைவு. இன்னொன்று நான்கு வருடம், கட்டணம் இரண்டரை மடங்குக்கு மேல். ஆனால் ‘நூறு சதவீத பிளேஸ்மென்ட்’ என்கிறார்கள். கடன் வாங்கித்தான் படிக்க வைக்க வேண்டும். எதில் சேர்ப்பது?

பதில்: முதலில் அந்த நூறு சதவீதம் எதில் நூறு என்று கேளுங்கள். உதாரணத்துக்கு, ஒரு வகுப்பில் சேர்ந்தவர்கள் 120 பேர். கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் பெயர் கொடுத்தவர்கள் 90. வேலை கிடைத்தது 85 பேருக்கு. விளம்பரத்தில் இது 94 சதவீதம் என்று வரும். சேர்ந்த 120 பேரை வைத்துக் கணக்குப் போட்டால் 71தான். நடுவில் படிப்பை விட்டவர்கள், வேறு துறைக்குப் போனவர்கள் எல்லாம் அந்த 94-ல் காணாமல் போய்விடுகிறார்கள். நீங்கள் கட்டணம் கட்டுவது சேரும் நாளில். அதனால் உங்களுக்குத் தேவையான எண் 71.

அடுத்து, என்ன வேலை? போன வருடம் முடித்தவர்களின் ஆஃபர் லெட்டர் நாலைந்தைப் பெயரை மறைத்துக் காட்டச் சொல்லுங்கள். பதவி என்று இருக்கும் வரியைப் பாருங்கள். ‘மேனேஜ்மென்ட் டிரெய்னி’ என்றிருந்தால் பட்டத்துக்கு மதிப்புக் கொடுத்து எடுத்திருக்கிறார்கள். சமையலறையில் ‘கம்மி 3’ (Commis, அடிமட்ட உதவிச் சமையல்காரர்), வரவேற்பில் ‘அசோசியேட்’ என்றிருந்தால் அது கீழ்ப்படி. குறுகிய கால சான்றிதழ் படிப்பு முடித்தவர்களும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறார்கள். அதில் கேவலம் ஒன்றும் இல்லை. பெரிய ஹோட்டல்களின் ஜெனரல் மேனேஜர்களில் பலர் அங்கிருந்து ஏறி வந்தவர்கள்தான். ஆனால் அந்தப் படிக்கு நான்கு வருடமும் பெரிய கடனும் தேவையில்லை. சம்பள வரியையும் விட்டுவிடாதீர்கள்: சர்வீஸ் சார்ஜ் பங்கு, சாப்பாடு, தங்குமிடம் எல்லாவற்றையும் சேர்த்துப் பெரிய தொகையாகக் காட்டுவது உண்டு. கையில் வருவது எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

செலவுப் பக்கம் வருவோம். கல்லூரி சொல்லும் கட்டணம் முழுச் செலவு ஆகாது. சீருடை, கத்தி செட், ஷூ, ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம் என்று ஒரு பட்டியல் இருக்கும். பலரும் கவனிக்காதது இன்டர்ன்ஷிப் காலம். ஆறு மாதம் மாணவி வேறு ஊரில் ஹோட்டலில் வேலை செய்வாள். கல்லூரியில் வகுப்பே இருக்காது. அந்த செமஸ்டருக்கும் முழுக் கட்டணம் வாங்குகிறார்களா? உதவித்தொகை உண்டா? தங்கும் செலவு யாருடையது? இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். கடனைப் பொறுத்தவரை, படிக்கும் காலத்தில் தவணை கட்ட வேண்டியதில்லை என்றாலும் வட்டி பொதுவாக ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இப்போது இரண்டையும் பக்கத்தில் வையுங்கள். முதல் கல்லூரியின் முழுச் செலவு 100 பங்கு, இரண்டாவது 260 என்று வைத்துக்கொள்வோம். முடித்தவர்களின் ஆண்டுச் சம்பளம் முறையே 40, 48. செலவு வித்தியாசம் 160. மூன்று வருடத்தில் முடிக்கிறவர் ஒரு வருடம் முன்னதாகவே சம்பாதிக்கத் தொடங்குவார். அந்த 40-ஐயும் சேர்த்தால் 200. சம்பள வித்தியாசம் எட்டுதான். ஆக, கூடுதல் செலவு திரும்ப வர 25 வருடம் ஆகும். சம்பள வித்தியாசம் போகப்போக விரியலாம்தான்; ஆனால் விரியும் என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டியது கல்லூரி. ஐந்து வருடம் முன்பு முடித்தவர்கள் இன்று எங்கே, என்ன பதவியில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். லிங்க்ட்இன்னில் கல்லூரிப் பெயரைப் போட்டு நீங்களே தேடியும் பார்க்கலாம். நேரமும் பண்டிகை நாளும் பார்க்காத வேலை என்பதால் இந்தத் துறையை விட்டு விலகுகிறவர்கள் நிறைய. முதல் வேலையைவிட இந்த ஐந்தாவது வருடக் கணக்கைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

அதிகக் கட்டணம் எல்லாமே வீண் என்று சொல்ல மாட்டேன். 1893-ல் லோசானில் தொடங்கிய சுவிஸ் ஹோட்டல் பள்ளி, 1922-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஹோட்டல் படிப்பு போன்றவற்றில் முடித்தவர்கள் ஹோட்டல் முதலீடு, ஆலோசனை, ஆடம்பரப் பொருள் நிறுவனங்கள் என்றெல்லாம் போகிறார்கள். அங்கே கொடுக்கும் பணத்தில் பாதி அந்தப் பழைய மாணவர் வட்டத்துக்குத்தான். உங்கள் இரண்டாவது கல்லூரிக்கு அப்படி ஒரு வட்டம் இருக்கிறதா? அறை விலை நிர்ணயம், வருவாய் மேலாண்மை, ஹோட்டல் கணக்கியல் இவற்றை ஒழுங்காகச் சொல்லித்தருகிறார்களா? நிர்வாகப் பக்கம் போக உதவுவது இந்தப் பாடங்கள்தான். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், இந்த இரண்டு கேள்விக்கும் ‘ஆம்’ என்ற தெளிவான பதில் வராதவரை நான் மூன்று வருடக் கல்லூரியையே சொல்வேன்.

கேள்வி: முதலில் டிப்ளமோ முடித்து வேலைக்குப் போய்விட்டு, அப்புறம் அதைப் பட்டமாக மாற்றிக்கொள்ள முடியுமா?

பதில்: முடியும். இந்தத் துறையே தனக்குச் சரிப்படுமா என்று தெரியாதவர்களுக்கு நல்ல வழியும்கூட. ஆனால் டிப்ளமோவில் சேரும் முன்பே, அதன் கிரெடிட்டுகளை (படித்து முடித்த பாடங்களுக்கான மதிப்பலகுகள்) எந்தப் பல்கலைக்கழகம் ஏற்கிறது, அதனால் பட்டப்படிப்பில் எத்தனை வருடம் குறையும் என்று அந்தப் பல்கலைக்கழகத்திடமே எழுதிக் கேளுங்கள்; டிப்ளமோ தரும் நிறுவனத்தின் வாய்வார்த்தை போதாது. சில தனியார் நிறுவனங்கள் பட்டத்தை வேறொரு பல்கலைக்கழகத்தின் பெயரில் தருகின்றன. அந்த ஒப்பந்தம் நடுவில் முடிந்துவிட்டால் ஏற்கெனவே சேர்ந்தவர்களுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.