கட்டி தட்டுப்பட்டாலே துப்பும் 14 மாதக் குழந்தைக்கு

மிக்ஸியில் அரைத்ததை மட்டும் விழுங்குகிறாள், கையில் கொடுத்தால் எறிகிறாள் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டிலும் அதே கதைதான்.

மிக்ஸியை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். பருப்புச் சாதத்தைக் கையால் பிசைந்து, நாளாக ஆக மசிப்பதைக் குறையுங்கள். தட்டு ஓரத்தில் ஒரே ஒரு துண்டு இருக்கட்டும். நம் பெங்களூரில் சீமைக் கத்தரிக்காய்க்கா, அதாவது சௌசௌவுக்கா பஞ்சம்? விரல் நீளத்துக்கு நறுக்கி, இரண்டு விரலால் அழுத்தினால் நசுங்கும்வரை ஆவியில் வேகவையுங்கள். ஏலக்கி வாழைப்பழம் கையில் வழுக்கும். பொட்டுக்கடலைப் பொடியில் புரட்டினால் பிடி கிடைக்கும். என் மகனுக்கு நெய் தடவிய இட்லித் துண்டு. ஒன்பது நாள் தரைக்குத்தான் போனது, பத்தாம் நாள் நக்கிப் பார்த்தான். அதுவரை மாமியாரின் முகத்தைப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம்.

ஓங்கரித்தால் பதறாதீர்கள், சத்தமாக இருமுகிறாள் என்றால் அவளே சமாளிக்கிறாள். சத்தமே வராமல் திணறுவதுதான் ஆபத்து. நிமிர்ந்து உட்காரவைத்து, பக்கத்திலேயே இருங்கள். முழு நிலக்கடலை, முழு திராட்சை, பச்சைக் கேரட் இப்போதைக்கு வேண்டாம்.

எடை ஏறவில்லை, அல்லது தண்ணீருக்கே அடிக்கடி புரையேறுகிறது என்றால் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.