மக்காச்சோள ரொட்டி விண்டு போகிறதா?

கேள்வி: தோட்டத்து மக்காச்சோளத்தை மில்லில் மாவாக்கி, மெக்சிகோக்காரர்களைப் போல ரொட்டி தட்டினேன். ஓரமெல்லாம் வெடித்து, கல்லில் போடும் முன்பே விண்டு விழுகிறது. மைதா கலக்க மனமில்லை. வழி உண்டா? (வாசகி, உடுமலை)

பதில்: மைதா வேண்டாம், சுண்ணாம்புதான் வேண்டும். கோதுமைக்குள்ள பசை மக்காச்சோளத்தில் இல்லை. காய்ந்த மாவை எவ்வளவு பிசைந்தாலும் சேராது. மெக்சிகோவில் முழு மணியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஈரமாகவே அரைப்பார்கள். சுண்ணாம்பு தோலை இளக்கி, மாவுக்கு இழுவை தரும். மணியில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் (பி3 வைட்டமின்) சத்தும் அப்போதுதான் உடம்பில் ஒட்டும். இந்தப் பக்குவத்தை விட்டுவிட்டு மணியை மட்டும் கொண்டுபோன ஐரோப்பாவில், அதையே நம்பிப் பிழைத்த ஏழைகளை, நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோய் வாட்டியது.

முற்றிக் காய்ந்த மணி 1 கிலோ, தண்ணீர் 3 லிட்டர், மணமும் நிறமும் சேர்க்காத வெற்றிலைச் சுண்ணாம்பு 20 கிராம். சுண்ணாம்பைக் கரண்டியால் கரையுங்கள், கை பொத்துப்போகும். எவர்சில்வர் பாத்திரம்தான் சரி. அலுமினியத்தைச் சுண்ணாம்பு அரிக்கும். சிறுதீயில் 40 நிமிடம் போதும். ஒரு மணியைத் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரவேண்டும், கடித்தால் நடுவில் கொஞ்சம் விறைப்பு இருக்கவேண்டும். குழைய விட்டால் மாவு பிசுபிசுக்கும். இரவு முழுக்க அதே தண்ணீரில் ஊறட்டும். காலையில் நாலைந்து முறை அலசி, வடித்து, கிரைண்டரில் தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கெட்டியாக அரையுங்கள்.

எலுமிச்சை அளவு உருட்டி அழுத்திப் பாருங்கள். ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை. கையில் ஒட்டினால் அதிகம். ஈரத்துணி மூடி அரைமணி நேரம் விட்டு, இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவே தட்டி, நன்றாகக் காய்ந்த கல்லில் போடுங்கள். 20 விநாடியில் முதல் திருப்பல். மறுபக்கம் ஒரு நிமிடம். மீண்டும் திருப்பினால் உப்பும். சுட்டதைத் துணியில் அடுக்கி மூடிவையுங்கள். திறந்து வைத்தால் வரட்டிபோல் ஆகிவிடும்.

விதைக்கு வாங்கி மீந்ததில் மருந்து பூசியிருக்கும், பூஞ்சை வாடை அடிப்பதில் நஞ்சு இருக்கலாம். இரண்டையும் தொடவே கூடாது. ஸ்வீட் கார்ன் இதற்கு உதவாது, அதில் மாவுச்சத்து குறைவு.

கேள்வி: அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி) பொரியல் தண்ணீர் விட்டுக் குழைகிறது. கடலைப்பொடி போட்டும் கெட்டிப்படவில்லையே? (வாசகர், கோபி)

பதில்: உப்பை முதலிலேயே போடுகிறீர்கள் போலிருக்கிறது. உப்பு பட்டதும் காய் நீர் விடும். அரைக்கிலோ காயைத் தோலோடு ஒரு அங்குலத் துண்டாக்கி, அகலமான சட்டியில் தாளித்துக் கொட்டி, தண்ணீர் ஊற்றாமல் 5 நிமிடம் மூடுங்கள். பிறகு திறந்தே வேகட்டும், உப்பு கடைசியில். வறுத்த நிலக்கடலையும் வரமிளகாயும் சேர்த்து ஒன்றிரண்டாகப் பொடித்து, அடுப்பை அணைத்தபின் 3 மேசைக்கரண்டி தூவுங்கள். நைசாக ஓட்டினால் கடலை எண்ணெய் கக்கி, பொரியல் சேறாகிவிடும்.