மாத்திரையா, பிரண்டைத் துவையலா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 64 வயது. 46 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிட்டது. மூன்று மாதம் முன்பு பஸ் ஒரு வேகத்தடையில் தூக்கிப் போட்டதில் முதுகில் சுரீரென்று வலி. எக்ஸ்ரேயில் முதுகுத்தண்டில் ஓர் எலும்பு அமுங்கியிருப்பது தெரிந்தது. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி ஸ்கோர் முதுகில் மைனஸ் 2.9, இடுப்பில் மைனஸ் 2.6. எலும்புப்புரை என்று சொல்லி, வாரம் ஒரு அலெண்ட்ரோனேட் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டால் தாடை எலும்பு அழுகிவிடும் என்று அண்ணன் மகள் செல்போனில் பார்த்துச் சொல்கிறாள். பிரண்டையும் கேழ்வரகும் போதும் என்கிறார் சம்பந்தியம்மா. மாத்திரை அட்டை இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. நான் என்ன செய்ய?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அட்டையைப் பிரிக்கத்தான் வேண்டும் அம்மா. டி ஸ்கோர் என்பது உங்கள் எலும்பு அடர்த்தியை இளம் வயதினரோடு ஒப்பிடும் அளவு. எலும்புப்புரைக்கான எல்லையான மைனஸ் 2.5-க்குக் கீழே அது போய்விட்டது என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பஸ் குலுங்கியதற்கே ஓர் எலும்பு அமுங்கிவிட்டது, அதுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. முதுகெலும்பு புதிதாக அமுங்கிய பெண்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அடுத்த ஒரு வருடத்துக்குள் இன்னொன்றும் அமுங்கியதாக 2001-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. நீங்கள் ஏற்கெனவே மூன்று மாதத்தைக் கடந்துவிட்டீர்கள்.

என் அம்மா தினமும் கேழ்வரகுக் கூழ் குடித்தவர். அறுபது வயது வரை கிணற்றில் தண்ணீர் இறைத்தவர். 2004-ல் வாசற்படியில் தடுக்கி மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டோம், ஆறு வாரத்தில் பிரித்தோம், மறந்துவிட்டோம். மூன்று வருடம் கழித்துக் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதன் பிறகு அவர் தனியாக வாசல் வரைகூட நடக்கவில்லை. வீட்டில் மருத்துவராக நான் இருந்தேன். மணிக்கட்டு முறிந்தபோதே அந்த எலும்பு எனக்குச் செய்தி சொல்லியிருந்தது, நான் கேட்கவில்லை. அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

நீங்கள் காவிரிப் பக்கம் இருப்பவர், ஏரியை வைத்துச் சொன்னால் சட்டென்று புரியும். உணவில் வரும் கால்சியம் வரத்து வாய்க்கால் மாதிரி. எலும்பு தினமும் கொஞ்சம் கரைந்து, கொஞ்சம் புதிதாக உருவாகிக்கொண்டே இருக்கும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இருந்தவரை கரைவது ஒரு கட்டுக்குள் இருந்தது. 46 வயதில் அது நின்றதும் மதகு திறந்துகொண்டது. வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் விட்டாலும் மதகை அடைக்காமல் ஏரி நிறையாது. அலெண்ட்ரோனேட் செய்வது மதகை அடைக்கும் வேலை. ஏற்கெனவே முதுகெலும்பு அமுங்கிய பெண்களிடம் செய்த பெரிய ஆய்வில், முதுகு முறிவும் இடுப்பு முறிவும் இந்த மாத்திரையால் சுமார் பாதியாகக் குறைந்தன.

அதற்காக வாய்க்காலை விட்டுவிட முடியாது. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,200 மி.கி. கால்சியம் வேண்டும். ஒரு டம்ளர் பாலில் சுமார் 240, ஒரு கிண்ணம் தயிரில் 200, 50 கிராம் கேழ்வரகு மாவில் 170, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையில் 150, ஒரு பெரிய கரண்டி எள்ளுப்பொடியில் 120 கிடைக்கும். கூட்டினால் 900-க்குப் பக்கம் வந்துவிடுகிறது. மிச்சத்துக்கு இரவுச் சாப்பாட்டோடு ஒரு கால்சியம் மாத்திரை போதும். சம்பந்தியம்மா சொன்னதில் கேழ்வரகு முழுக்கச் சரி. பிரண்டைத் துவையல் என் வீட்டிலும் உண்டு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் பிரண்டை சாப்பிட்டவர்களுக்கு எலும்பு முறிவது குறைந்தது என்று காட்டும் பெரிய ஆய்வு எதுவும் மனிதர்களிடம் நடக்கவில்லை. ஒரு முறை முறிந்த முதுகை அதை மட்டும் நம்பி விடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இனி தாடை. அண்ணன் மகள் படித்தது பொய்யில்லை. ஆனால் அந்தப் பாதிப்பு அதிகம் வருவது, புற்றுநோய்க்காக இதே வகை மருந்தைப் பெரிய அளவில் அடிக்கடி ஏற்றிக்கொள்பவர்களுக்கு. எலும்புப்புரைக்கான அளவில் வருடத்துக்குப் பத்தாயிரத்தில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் வருகிறது. பிடுங்க வேண்டிய பல் இருந்தால் முதலில் பிடுங்கி, புண் ஆறட்டும், பிறகு தொடங்குங்கள். இன்னொன்று தொடை எலும்பு. பல வருடம் சாப்பிட்டவர்களில் மிகச் சிலருக்கு அது விநோதமாக முறிவதுண்டு. தொடையிலோ கவட்டையிலோ புதிதாக வலி வந்தால் உடனே சொல்ல வேண்டும். ஐந்து வருடம் ஆனதும் மருந்தை நிறுத்தி வைக்கலாமா என்று மருத்துவர் பார்ப்பார். ஆயுள் முழுக்கச் சாப்பிடும் மாத்திரை அல்ல இது.

தொடங்கும் முன் சிறுநீரகம், கால்சியம், வைட்டமின் டி, தைராய்டு ரத்தப் பரிசோதனைகள் வேண்டும். வாரத்தில் ஒரு கிழமையை முடிவு செய்துகொள்ளுங்கள். காலையில் வெறும் வயிற்றில், ஒரு பெரிய டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். அந்த அரை மணி நேரம் காபியும் கூடாது. காபியோடு விழுங்கினால் உடலில் சேரும் கொஞ்ச மருந்திலும் பாதிக்கு மேல் வீணாகிவிடும். கும்பகோணத்தில் இது கஷ்டம்தான், ஆனாலும் வாரத்தில் ஒரு நாள்தானே. நெஞ்செரிச்சல் அதிகமென்றால் வருடத்துக்கு ஒரு முறை ஏற்றும் சோலெட்ரானிக் ஆசிடைப் பற்றிக் கேளுங்கள். முதல் தடவை இரண்டு மூன்று நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் இருக்கலாம், பயப்பட வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசியும் நல்ல மருந்துதான், ஆனால் தவணை தவறக்கூடாது. என்னிடம் வந்துகொண்டிருந்த ஓர் அம்மா மகளின் பிரசவத்துக்கு வெளிநாடு போய் ஊசியைத் தவறவிட்டார். கடைசி ஊசி போட்ட பத்தாவது மாதம் முதுகில் இரண்டு எலும்புகள் அமுங்கித் திரும்பினார்.

குனிந்து குடம் தூக்காதீர்கள். கால் விரலைத் தொடும் ஆசனங்களும் இப்போது வேண்டாம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதும், கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுவதும் நல்லது. குளியலறைச் சுவரில் இந்த வாரமே ஒரு கைப்பிடி பதிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வயது 51. இலவச முகாமில் குதிகாலை ஒரு கருவியில் வைத்துப் பார்த்து எலும்புத் தேய்மானம் என்றார்கள். மாத்திரை வேண்டுமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: குதிகால் கருவியை மட்டும் வைத்து யாரும் மாத்திரை தொடங்கக்கூடாது. டெக்ஸா எடுங்கள். முறிவு எதுவும் இல்லாமல், டி ஸ்கோர் மைனஸ் ஒன்றரை அளவில் இருந்தால், மேலே சொன்ன சாப்பாடும் எடை தூக்கும் பயிற்சியும் போதும் என்றே உங்கள் வயதில் சொல்வேன். ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வில், எலும்பு அடர்த்தி குறைந்த பெண்கள் பயிற்சியாளர் மேற்பார்வையில் வாரம் இரண்டு நாள் அரை மணி நேரம் நல்ல கனமான எடை தூக்கினார்கள். எட்டு மாதத்தில் முதுகெலும்பு அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடியது. நடைப்பயிற்சியால் மட்டும் அது நடக்காது. அப்புறம், ‘தேய்மானம்’ என்று நம் ஊரில் மூட்டுவலியையும் சொல்கிறார்கள், இதையும் சொல்கிறார்கள். எலும்புப்புரை முறியும் வரை வலிக்காது.

கேள்வி: கணவருக்கு 68 வயது. மூட்டுவலிக்குப் பெயரில்லாத ஒரு நாட்டுப் பொடியை இரண்டு வருடமாகச் சாப்பிடுகிறார். வலி மாயமாகப் போய்விட்டது. இப்போது முகம் உப்பி, தோல் மெலிந்து, லேசாகத் தட்டினாலே கன்றிப் போகிறது. ஆண்களுக்கும் எலும்புப் பரிசோதனை தேவையா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: தேவை, அதுவும் சீக்கிரம். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்ற சந்தேகம் எனக்கு வலுவாக வருகிறது. எலும்பை அவ்வளவு வேகமாகக் கரைக்கும் மருந்துகள் குறைவு. கோபத்தில் பொடியை இன்றே குப்பையில் கொட்டிவிடாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம், மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும். பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு நாளைக்கே ஒரு பொது மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.